யாரோடது என்று கேட்டவள்

எங்கள் ஆபீஸ் ஃபிரிட்ஜில் ஒரு தயிர் டப்பா இருந்தது. மூடி உப்பி, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குப்பையில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். அவள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஆறு பேர் மேசைக்கும் போனாள். "இது யாரோடது?" யாருடையதும் இல்லை. கீழே வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் போய்க் கேட்டாள். பக்கத்துப் பூக்கடையில் கேட்டாள். மாலைக்குள் கண்டுபிடித்தும் விட்டாள். போன மாதம் ஏர்கோன் சர்வீஸ் செய்ய வந்தவர் வைத்துவிட்டு மறந்துபோனதாம். அவருக்குப் போன் போட்டு, "அண்ணே, உங்க தயிர வீசிடவா?" என்று அனுமதி வாங்கிய பிறகே வீசினாள். அவள் வேலைக்குச் சேர்ந்து அன்று நான்காவது நாள். எனக்கு அன்றே தலைவலி ஆரம்பித்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் எங்கள் ஆபீஸ். கிள்ளானில் இருக்கும் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து வந்தோம். யாருக்கு எந்த நாள், எந்த நாற்காலி, காலையில் வேன் எந்த வீட்டு வாசலுக்குப் போக வேண்டும், எல்லாம் அதில்தான். கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் வாரம் மூன்று முறை ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் ஒருவருக்கு ஒரு முறை வேன் வராமல் போனால், உடம்பில் நீர் தங்கி மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். நான் சேர்ந்த நாளிலேயே முதலாளி இதைச் சொல்லியிருந்தார். நானும் பெரிதாகத் தலையாட்டியிருந்தேன்.

அவள் கிள்ளான்காரி. முப்பது வயதுகூட இருக்காது. எனக்கு அப்போது நாற்பத்தாறு. தினமும் கொமுட்டர் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்து, மாடிப்படி ஏறி, முகத்தைக்கூடத் துடைக்காமல் முந்தின நாள் விட்ட கேள்வியிலிருந்து தொடங்குவாள். அவளுடைய தண்ணீர்ப் போத்தல், சார்ஜர், குடை, கத்தரிக்கோல் எல்லாவற்றிலும் கறுப்பு மார்க்கரில் அவள் பெயர் இருக்கும். எங்கள் பொருளிலும் எழுதட்டுமா என்று கேட்டாள். என்னுடைய குவளையை நான் இழுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் கரண்டு டிரிப் ஆயிற்று. சுவரிலிருக்கும் சுவிட்சை மேலே தள்ளினால் வந்துவிடும். நான் கையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் குறுக்கே வந்து நின்றாள். "எதனால விழுந்துச்சுன்னு தெரியாம தூக்காதீங்கண்ணே." பிறகு ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி, ஒவ்வொன்றாக மாட்டி, நாற்பது நிமிடம் எங்களை வேர்வையில் குளிப்பாட்டினாள். கடைசியில், மூலையில் இருந்த பழைய ரைஸ்குக்கர்தான் காரணம். வயர் உள்ளே கருகியிருந்தது. எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டியதுதான் மிச்சம்.

இன்னொரு நாள் கிள்ளானுக்கு மீட்டிங். என் காரை மறித்து யாரோ டபுள் பார்க்கிங் போட்டிருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் அது தினப்படி நடப்பது. ஹாரனை அழுத்தினால் எங்கிருந்தோ ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவார், ஒரு கும்பிடு போடுவார், எடுப்பார். நான் ஹாரனில் கையை வைத்தேன். அவள் அதற்குள் இறங்கிப் போய்க் கடை கடையாகக் கார் நம்பரைச் சொல்லி, "யாரோடது, யாரோடது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். துணிக்கடை, நகைக்கடை, ஜோசியர் என்று வரிசையாக ஏறி இறங்கி, ஒரு மனிதரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக் கூட்டிவந்தாள்.

"ஹாரன் அடிச்சா இருவது பேரு வெளிய வந்து பாக்கணும்ணே. இப்ப ஒருத்தர்தானே வந்தாரு."

"மீட்டிங்குக்கு இருவது நிமிஷம் லேட்டும்மா."

"ஹாரன் அடிச்சிருந்தாலும் அவரு வந்திருக்க மாட்டாரு. உள்ள பாட்டு அவ்வளவு சத்தமா ஓடுது."

இப்படித்தான். சண்டை போடவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. கத்தாமல், முகம் சுளிக்காமல், அரைத்த மாவையே அரைத்து ஆளின் உயிரை வாங்குவாள். எனக்கோ வேகம் பிடிக்கும். உடைந்தால் ஒட்டு, ஓடினால் விடு. பதினெட்டு வருடம் இப்படித்தான் ஓட்டியிருக்கிறேன்.

ஒரே ஒரு முறை அந்தக் கேள்வி எனக்கு உதவியது. அதையும் சொல்லிவிட வேண்டும். மருந்துப் பட்டியலில் ஏதோ தவறு வந்து, முதலாளி என்னை எல்லார் முன்னாலும் பிடித்து உலுக்கினார். நான்தான் செய்தேன் என்று நானே நம்பிவிட்டேன். அவள் மறுநாள் காலை எல்லார் முன்னாலும், "பாஸ், அது அண்ணன் எழுதுனதுல வந்த தப்பு இல்ல. வெளியிலேருந்து நமக்கு வர்ற மருந்து லிஸ்டே அப்படித்தான் இருக்கு, இங்க பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். முதலாளி அங்கேயே என்னிடம் சாரி சொன்னார். நான் அன்றைக்கு அவளுக்கு நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். சீனி யார் போடச் சொன்னது என்று கேட்டாள்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நோயாளியைப் பற்றிய எல்லாம் எங்களிடம் ஒரே ஃபைலில் இருந்தது. மாடல் என்போம் அதை. ரூபி என்கிற கணினி மொழியில் எழுதியது, உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் மெத்தட் என்று பெயர் வைத்த ஒரு சிறு துண்டு இருக்கும். ஆளாளுக்கு வருடக்கணக்காக அதில் எழுதி எழுதி, மேலிருந்து கீழே வந்து சேர்வதற்குள் எதைத் தேடி வந்தோம் என்பதே மறந்துபோகும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதைப் பிரித்து, வேன் சம்பந்தப்பட்டதெல்லாம் ஒரு மாட்யூல், மருந்து ஒரு மாட்யூல், நாற்காலி ஒரு மாட்யூல் என்று தனித்தனி ஃபைலாக வைத்து, மாடலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்குளூட் வரி போட்டு இணைப்பது என்று முடிவாயிற்று. வேலை அவளிடம் போனது. மேற்பார்வை நான்.

இதில் என் பங்கும் ஏற்கெனவே கொஞ்சம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் லெட்டர்ஸ் என்று ஒரு சின்ன மாட்யூல் எழுதி இணைத்திருந்தேன். கடிதங்கள் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருக்கும் முகவரிக்குப் போக வேண்டும் என்று நிலையத்தில் கேட்டதால் எழுதியது. நம் ஆட்களில் பாதிப் பேர் ஐசியில் முகவரி மாற்றுவதே இல்லை. தோட்டத்தை விட்டு வந்து பிள்ளைகள் வீட்டில் இருபது வருடம் இருந்தாலும் கார்டில் பழைய லயத்து வீடுதான். என் ஐசியிலேயே இன்னும் சுங்கைவே வீடு இருக்கிறது. அங்கே இப்போது யாரோ கார் டயர் விற்கிறார்கள். ஆகவே எங்கள் மென்பொருளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு முகவரி உண்டு, ஐசியில் உள்ளது ஒன்று, வேன் போக வேண்டியது ஒன்று.

வியாழக்கிழமை காலை அவள் என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, லெட்டர்ஸ் மாட்யூல்ல என்னென்ன மெத்தட் இருக்கு?"

"ஏன்?"

"மாடல்ல இருக்குற மெத்தட்டும் மாட்யூல்ல இருக்குற மெத்தட்டும் ஒரே பேர்னா மாடலோடதுதான் ஓடும். இப்ப நான் எல்லாத்தையும் மாட்யூலுக்கு எடுத்துட்டுப் போறேன். ரெண்டு மாட்யூல்ல ஒரே பேர் வந்துச்சுன்னா கடைசியா இணைச்சது ஓடும். ரூபி ஒரு வார்த்த சொல்லாது. அதான் கேக்குறேன், அது யாரோடது?"

அன்று காலையிலிருந்து அது அவளுடைய பதினோராவது கேள்வி. எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள் புதுப் பதிப்பு ரிலீஸ். முதலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"என்னோடதும்மா. அதுல ஒன்னும் இல்ல, எதோடயும் மோதாது. நான் சொல்றேன்ல? எடுத்து வச்சிட்டு முடி லா."

"ஒரு தடவ பாத்துடட்டுமா?"

"என்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். "சரிண்ணே" என்று போய்விட்டாள். எனக்குத் தெரிந்து அவள் கேட்டதோடு விட்டது அந்த ஒரு முறைதான். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு நிலையத்தின் சிஸ்டர் எனக்குப் போன் செய்தார். அங்கே நர்சுகளுக்குத் தலைவி அவர்.

"என்னங்க, வேனு கேரித் தீவுக்குப் போயிருக்கு! அங்க யாரு இருக்கா? பெரியவரு கிள்ளான்ல மக வீட்டு வாசல்ல ஆறு மணிலேருந்து காத்துக்கிட்டு இருக்காரு!"

கேரித் தீவில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அந்தப் பெரியவர். ஐசியில் தோட்டத்து முகவரி. வழக்கமான டிரைவருக்கு வீடு தெரியும், திரையைப் பார்க்கவே மாட்டார். அன்று அவர் லீவு. மாற்று டிரைவர் திரையில் வந்த முகவரியை நம்பி, பாலம் தாண்டி, செம்பனைக்கு நடுவே ஒரு பூட்டிய வீட்டின் முன் போய் நின்றிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சனி, ஞாயிறு இடைவெளி. திங்கள் தவறக் கூடாத நாள். அவருடைய நாற்காலியை அடுத்தவருக்குக் கொடுத்தாகிவிட்டது. ஒரு மணிக்குத்தான் இனி இடம் என்றார் சிஸ்டர்.

 பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழியில்லை. வெள்ளியன்று டேட்டாபேஸையும் சேர்த்து மாற்றியிருந்தோம்.

"அவரு ஒருத்தரோட ஐசி அட்ரஸ மக வீட்டுக்கு மாத்தி விடு, முடிஞ்சுது" என்றேன்.

"எங்கேருந்து வருதுன்னு பாக்காம கை வைக்க மாட்டேண்ணே."

"ஏம்மா, பதினோரு மணிக்கு அதே டிரைவர் அடுத்த ரவுண்டு கிளம்புறான். உன் ஆராய்ச்சிய அப்புறம் வச்சுக்கலாம்!"

"அதுக்காகத்தாண்ணே பாக்கணும்."

நான் கத்தினேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. என்ன கத்தினேன் என்று இங்கே எழுத மாட்டேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கன்சோலைத் திறந்து, அந்தப் பெரியவரின் பதிவை எடுத்தாள். ரூபியில் ஒரு மெத்தட்டுக்கு ஓனர் யார் என்று ரூபியிடமே கேட்கலாம். அட்ரஸ் என்கிற மெத்தட்டைக் கொடுத்து ஓனரைக் கேட்டாள். லெட்டர்ஸ் என்று வந்தது. எந்த ஃபைல், எந்த வரி என்று கேட்டாள். வந்தது. அந்த வரியை யார் எழுதியது என்று பார்த்தாள். என் பெயர் வந்தது.

 அவள் திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பினாள், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். மாடலிலும் அட்ரஸ் என்று ஒரு மெத்தட், அது வேன் போகும் முகவரியைத் தரும். இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் அதைப் பார்க்காமலே லெட்டர்ஸில் அதே பெயரில் ஒன்று எழுதி, ஐசி முகவரியைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மாடலில் இருந்தது ஓடியதால் என்னுடையது ஒரு நாள்கூட ஓடவில்லை. கடிதங்களெல்லாம் வேன் முகவரிக்கே போயிருக்கின்றன. ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள் என்பதால் ஒருவரும் புகார் சொல்லவில்லை. நானும் சோதித்துப் பார்க்கவில்லை. அவள் மாடலில் இருந்ததை வேன் மாட்யூலுக்கு எடுத்துக்கொண்டு போனாள். புதிய இன்குளூட் வரிகளை மேலே எழுதினாள். என்னுடைய பழைய வரி எல்லாவற்றுக்கும் கீழே, கடைசியாக இருந்தது. இரண்டு வருடமாக வேலைக்கே வராத என் மெத்தட் அந்தத் திங்கட்கிழமை காலையில் டியூட்டிக்கு வந்துவிட்டது. எங்கள் டெஸ்டுகளில் இருந்த போலி நோயாளிகளுக்கெல்லாம் இரண்டு முகவரியும் ஒன்றே, அதனால் அங்கேயும் பிடிபடவில்லை.

பிறகு அவள் இரண்டு முகவரியும் வேறு வேறாக உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எடுத்தாள். பதினொரு பேர். அதில் மூன்று பேர் அந்தப் பதினோரு மணி ரவுண்டில் இருந்தார்கள். ஒருவருக்கு ஐசியில் அம்பாங் முகவரி, இப்போது கிள்ளானில் மகன் வீடு. நான் சொன்னபடி ஒருவரை மட்டும் மாற்றியிருந்தால் மற்றவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. என் மெத்தட்டின் பெயரை ஐசி அட்ரஸ் என்று மாற்றினாள். கடிதம் எழுதும் இடங்களில் அந்தப் புதுப் பெயரைப் போட்டாள். வேறு எங்காவது ஒரே பெயர் இரண்டு மாட்யூலில் இருக்கிறதா என்று முழுவதும் துழாவினாள். பத்து இருபதுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. மூன்று பேர் வீட்டு வாசலுக்கும் வேன் போனது.

பெரியவர் மட்டும் ஒரு மணி வரை தாங்கவில்லை. பன்னிரண்டுக்கு மூச்சு முட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டார்.

அன்று மூன்று மணிக்கு சிஸ்டர் மறுபடியும் கூப்பிட்டார். முதலாளியும் பக்கத்தில் நிற்க, ஸ்பீக்கரில் போட்டோம்.

"யாரு செஞ்ச வேலை இது? ஆளு எமர்ஜென்சில கிடக்குறாரு. யாருன்னு எனக்குத் தெரியணும்."

"மாட்யூலுக்கு மாத்தினது நான்தான் சிஸ்டர்" என்றாள் அவள்.

அது உண்மை. அதைவிடக் கூடவும் சொல்லவில்லை, குறையவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அடுத்துப் பேச வேண்டியது நான். மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன், மாட்டினேன். பிறகு என் வாய் சொன்னது: "இனிமே எதுவா இருந்தாலும் நான் ஒரு தடவ பாத்துட்டுத்தான் வெளிய விடுவேன், சிஸ்டர். அதுக்கு நான் பொறுப்பு."

முதலாளி என் தோளைத் தட்டினார். இதை எழுதும்போதும் எனக்கு அந்த இடம் கூசுகிறது.

அவளை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் எழுதுவதெல்லாம் என் கண் பட்டுத்தான் போக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துச் சரி போட்டேன். அவள் எழுதியதில் ஒரு தவறுகூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதே வருடக் கடைசியில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். எங்கே இருக்கிறாள் என்று தெரியும். போன் செய்ததில்லை.

பெரியவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அந்த வாரமே, சனிக்கிழமை காலை, பெரியவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவளே சொன்னாள். நானும் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. ஆரஞ்சு ஒரு பை வாங்கிக்கொண்டேன். கிள்ளானில் ஒரு தாமானில், குடியிருப்புப் பகுதியில், வரிசை வீடு. மகள் வாசலுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஃபேக்டரி யூனிஃபார்மில் இருந்தார்.

"நீதானா சிஸ்டர் சொன்ன அந்தப் பொண்ணு?"

"ஆமாங்கக்கா."

"படிச்ச பொண்ணுதானே நீ? எங்கப்பா அஞ்சு மணிக்கே எந்திரிச்சு, குளிச்சு, சட்டை போட்டு, போர்வைப் பைய மடியில வச்சிக்கிட்டு கேட் பக்கத்துல உக்காந்திருக்காரு. எனக்கு ஒரு போன் போட்டா வேலைய விட்டு ஓடி வந்திருப்பேன். புள்ளைக்குத் தொந்தரவுன்னு போடல. வேன் வந்துரும், வேன் வந்துரும்னு இருந்திருக்காரு. ஒங்களுக்கெல்லாம் இது கம்பியூட்டர். எங்களுக்கு அப்பா."

"மன்னிச்சுக்குங்கக்கா. தப்புதான்."

"தப்புன்னு சொன்னா ஆச்சா?" என்று அந்த அம்மாள் இன்னும் நிறையச் சொன்னார். அவள் தலையைக் குனியாமல், அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் ஆரஞ்சுப் பையோடு நின்றேன். பேசி ஓய்ந்ததும் அவருக்கே கண் கலங்கிவிட்டது. "உள்ள போய்ப் பாரு, முழிச்சுத்தான் இருக்காரு" என்றார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பெரியவர் அவளிடம் எந்தத் தாமான், யார் மகள் என்று விசாரிப்பது கேட்டது.

வாசலில் நானும் மகளும். எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. அது நான் எழுதுனது. அவ பாக்கணும்னு கேட்டா. நான்தான் வேணாம்னு விட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நான் அவ்வளவு நேரம் கத்துனனே, ஏன் வாயத் தொறக்கல?"

நான் ஆரஞ்சுப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். அவர் திரும்பி வீட்டுக்குள் குரல் கொடுத்தார். "தங்கச்சி, இங்க வாம்மா. இவரு உங்கிட்ட என்னமோ சொல்லணுமாம்."

அவள் வெளியே வந்தாள். கையில் பாதி குடித்த மைலோ. என்னண்ணே என்பதுபோல் பார்த்தாள். அந்த அம்மாள் கதவில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவரிடம் சொன்ன அதே வாக்கியம்.

"நேரமாச்சு, ஜாம் ஆயிடும். கிளம்பலாமா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "சரிண்ணே" என்று மைலோவைக் குடித்து முடித்து, குவளையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து செருப்பை மாட்டினாள். அந்த அம்மாள் கேட் வரைக்கும் வந்தார். அவளுடைய கையைப் பிடித்து, போயிட்டு வாம்மா என்று அவளிடம் மட்டும் சொன்னார்.